பார்வையற்றோர் தாங்களாகவே வந்து ரசிக்கும் கலைக்கூடமும் திடலும்: குமரி மாவட்டத்தில் அமைப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஊர்க் கோயில் கொடைக்கு அக்காவையும் கூட்டிக்கொண்டு வில்லுப்பாட்டு கேட்கப் போயிருந்தோம். அக்கா என்றால் பெரியம்மா மகள். பிறவியிலிருந்தே பார்வை கிடையாது, பாட்டென்றால் உயிர். விழாக் குழுவில் இருந்த பையன்கள் அன்போடு ஓடிவந்து, கூட்டம் இடிக்காத ஓரமாகப் பார்த்து நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். அது கூம்பு ஒலிபெருக்கிக்கு நேர் கீழே, ஜெனரேட்டருக்குப் பத்தடி தள்ளி இருந்தது. அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அக்கா என் கையைத் தட்டினாள். "தம்பி, குடம் எங்க இருக்கு, உடுக்கை எங்க இருக்குன்னு ஒண்ணும் தெரியல. எல்லாம் ஒரே தகரத்துக்குள்ளேருந்து வருது. என்னைய வில்லுக்குப் பக்கத்துல கொண்டு இருத்து."

கொண்டுபோய் இருத்தினேன். மேடைப் பலகையில் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு விடியும்வரை கேட்டாள்.

நான் கட்டட மேற்பார்வை வேலை செய்கிறவன். பத்திரமாக உட்காரவைப்பது வேறு, ரசிக்கவைப்பது வேறு என்று அந்த இரவில்தான் புரிந்தது. பிறகு எங்கள் ஊர்ப் படிப்பகக் கூடத்தையும் அதை ஒட்டிய திடலையும், பார்வையற்றவர்கள் யார் கையையும் பிடிக்காமல் வந்து, பாடி, விளையாடி, தாங்களாகவே திரும்பிப்போகும் இடமாக மாற்ற முனைந்தோம். செய்ததையும், தப்பாகச் செய்து திருத்தியதையும், இனி ஒருமுறை செய்தால் எப்படிச் செய்வேன் என்பதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். உங்கள் ஊரில் ஒரு மன்றமோ நூலகமோ பூங்காவோ இருந்தால் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

இது யாரும் போடுகிற தர்மம் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 29-ஆவது பிரிவு, பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களுக்கு இணையாகப் பங்கேற்பதை உரிமையாகவே சொல்கிறது. கட்டட அளவுகளுக்கு, மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற அமைச்சகம் 2021-இல் வெளியிட்ட அனைவருக்குமான அணுகல்தன்மை வழிகாட்டு நெறிமுறைகள் இருக்கின்றன. ஊராட்சியிடமோ நகராட்சியிடமோ மனு கொடுக்கும்போது இந்த இரண்டையும் மேற்கோள் காட்டுங்கள், பேச்சு எளிதாகும்.

படி 1: யாருக்காகக் கட்டுகிறோமோ அவர்கள் முதல் கூட்டத்திலேயே இருக்க வேண்டும்

வரைபடம் போட்டு முடித்துவிட்டுக் கருத்துக் கேட்கப் போகாதீர்கள். அந்த நேரத்தில் அவர்களால் "நல்லா இருக்கு" என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

பார்வையின்மை ஒரே மாதிரியானது இல்லை. திருத்தக் கண்ணாடி போட்ட பிறகும் நல்ல கண்ணின் பார்வை 3/60-க்குக் கீழே இருந்தால் சட்டம் அதைப் பார்வையின்மை என்கிறது. நல்ல பார்வை உள்ளவர் 60 மீட்டரில் காண்பதை இவர் 3 மீட்டர் தூரத்தில் நின்றால்கூடக் காண முடியாது என்று பொருள். பார்வைப் புலம் 10 பாகைக்குள் சுருங்கியிருந்தாலும் அப்படியே. அதற்கு மேலே, 6/18 வரை குறைப்பார்வை. வெளியே அதிகம் தெரியாமல், அதிகம் சிரமப்படுகிறவர்கள் இந்தக் குறைப்பார்வைக்காரர்கள்தான். கண் நீர் அழுத்த நோய் வந்தவருக்கு ஓரப் பார்வை போய்க் குழாய்க்குள் பார்ப்பதுபோல் நடுப்பகுதி மட்டும் மிஞ்சும். விழித்திரையின் மையம் கெட்டவருக்கு நேர்மாறாக, எதிரில் நிற்பவரின் முகம் மட்டும் தெரியாது. கண்புரை உள்ளவருக்கு வெளிச்சம் சிதறிக் கூசும். மாலைக்கண் உள்ளவர் பகலில் தாராளமாக நடந்துவிட்டு அந்தி சாய்ந்ததும் அப்படியே நின்றுவிடுவார்.

ஆகவே குழுவில் குறைந்தது ஐந்தாறு பேராவது இருக்கட்டும். பிறவியிலிருந்தே பார்வை இல்லாதவர் ஒருவர், நடுவயதில் இழந்தவர் ஒருவர், குறைப்பார்வை உள்ளவர் இருவர், ஒரு பள்ளிப் பிள்ளை. பெண்கள் கட்டாயம் வேண்டும். எங்கள் முதல் கூட்டத்தில் ஆண்கள் விளையாட்டுத் திடலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா கேட்டது இரண்டே கேள்விதான். கழிப்பறைத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கும்? கடைசி பஸ்ஸுக்கு முன்னால் நிகழ்ச்சி முடியுமா? திட்டமே அதற்கப்புறம் மாறிப்போனது.

படி 2: பேருந்து நிறுத்தத்திலிருந்து தொடங்குங்கள்

கட்டடத்தின் வாசலில் வடிவமைப்பைத் தொடங்குகிறவர்கள் பாதி வேலையைத்தான் செய்கிறார்கள். நம் மாவட்டத்துச் சாலைகள் குறுகலானவை. நடைபாதை அபூர்வம். ஓரத்தில் மூடாத ஓடை, அதையொட்டி நிறுத்திய பைக், நடுவில் கடைப் பலகை. அந்த வழியைக் கடக்க முடியாதவருக்கு உள்ளே எத்தனை வசதி இருந்து என்ன?

நிறுத்தத்திலிருந்து வாசல்வரை பார்வையற்ற ஒருவரோடு சேர்ந்து நடங்கள். அவர் எதையெல்லாம் அடையாளமாக வைத்துக்கொள்கிறார் என்று கவனித்து எழுதிக்கொள்ளுங்கள். மாவு மில்லின் இரைச்சல், பேக்கரி வாசனை, கோயில் மணி, சர்ச் மணி, காலடியில் தார் முடிந்து காங்கிரீட் தொடங்கும் இடம். இவற்றைக் கோத்து இரண்டு நிமிடக் குரல்பதிவாக ஒரு வழி விவரம் தயாரித்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பத்தடிக்கு ஒரு அடையாளம் இருக்கட்டும். "கொஞ்ச தூரம் போனதும்" என்ற சொல் அதில் வரவே கூடாது. நம் ஊர்ப் பெரியவர்கள் தெக்கே, வடக்கே, மேக்கே என்று திசை சொல்லித்தான் பேசுவார்கள். கடற்காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். பழைய ஆட்களுக்கு அந்தத் திசைச் சொற்களையும் சேர்த்துச் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

வாசலை அறிய ஒரு நிலையான சத்தம் தேவை. காற்றுமணி கட்டலாம் என்று பலர் சொல்வார்கள். நான் வேண்டாம் என்பேன். ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் காற்றுக் காலத்தில் அது ஓயாது, காற்று நின்ற நாளில் வாயே திறக்காது. தொட்டியில் மெல்ல விழும் தண்ணீர் போதும். ஒரே இடத்தில், ஒரே அளவில் நாளெல்லாம் கேட்கும்.

படி 3: தரை பேச வேண்டும்

காலுக்கும் கோலுக்கும் வழி சொல்லும் தொடுதரை ஓடுகளை ஜப்பானில் சேய்ச்சி மியாக்கே என்பவர் உருவாக்கினார். 1967-இல் ஒக்காயாமா நகரில் முதன்முதலில் பதித்தார்கள். இதில் இரண்டே எழுத்துதான். நீளக் கோடுகள் இருந்தால் "போ". வட்டப் புள்ளிகள் இருந்தால் "நில், கவனி". வழக்கமான அளவு 300-க்கு 300 மி.மீ., மேடு ஏறத்தாழ 5 மி.மீ.

என் மனத்தில் இன்னும் உறுத்தும் தப்பு ஒன்று இங்கேதான் நடந்தது. பல வருடங்களுக்கு முன் நான் மேற்பார்வை பார்த்த ஒரு கட்டடத்தில், மேஸ்திரி இந்த ஓடுகளை அழகுக்கு என்று நினைத்து ஒன்றுவிட்டு ஒன்று மாற்றிப் பதித்துவிட்டார். கோடு, புள்ளி, கோடு, புள்ளி. வரிசை போய் ஒரு தூணில் முட்டி முடிந்தது. எனக்கும் அன்றைக்கு அதன் பொருள் தெரியாது, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். கண் தெரிகிற யாருக்கும் அது வெறும் மஞ்சள் கோலம். அதை நம்பி நடப்பவருக்கோ, அடிக்கு அடி "போ, நில், போ, நில்" என்று சொல்லிக் கடைசியில் தூணில் மோதவைக்கும் வழி. ஆகவே வேலை தொடங்கும் அன்று கொத்தனார், கையாள் எல்லோரையும் உட்காரவைத்து இந்த இரண்டு எழுத்தின் பொருளைச் சொல்லுங்கள். தெரிந்துவிட்டால் அவர்கள் நம்மைவிடக் கவனமாகச் செய்வார்கள்.

வைக்க வேண்டிய இடங்கள் இவை. வெளி வாசலிலிருந்து வரவேற்பு மேசைவரை கோட்டு ஓடு, வழி திரும்பும் இடங்களில் புள்ளி ஓடு, படிக்கட்டு தொடங்குவதற்கும் முடிந்ததற்கும் 300 மி.மீ. தள்ளிப் புள்ளி ஓடு. பாதையின் இருபுறமும் 600 மி.மீ.க்குள் தூணோ தொட்டியோ செருப்பு அடுக்கோ இருக்கக் கூடாது. கூடம் முழுக்க ஓடு பதித்துக் குவிக்கவும் வேண்டாம். எல்லா இடத்திலும் பேசும் தரை, எதையுமே சொல்லாத தரைதான்.

பிளாஸ்டிக் ஓடுகளைப் பசை போட்டு ஒட்டுவது மலிவு. ஆனால் இங்கே தென்மேற்குப் பருவம் ஜூனில் தொடங்கினால் வடகிழக்குப் பருவம் முடிய டிசம்பர் ஆகிவிடும். பெயர்ந்த ஓடு, ஓடே இல்லாததைவிட ஆபத்து. உப்புக்காற்றில் சாதாரண இரும்புக் குமிழ்களும் நிலைக்காது. மயிலாடியில் கல் செதுக்கும் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கிறார்கள். கருங்கல் பலகையிலேயே கோடும் புள்ளியும் கொத்தித் தரச் சொல்லலாம். விலை கூடத்தான், ஆனால் பேரன் காலம்வரை இருக்கும்.

தரையோடு இன்னொன்று. கோல் தரையைத் தடவுமே தவிர நெஞ்சுக்கு நேரே இருப்பதைச் சொல்லாது. சுவரில் பதித்த தீயணைப்பான், திறந்து கிடக்கும் ஜன்னல் கதவு, சாய்வான மாடிப்படியின் அடிப்பக்கம், இவைதான் நெற்றியை உடைப்பவை. தரையிலிருந்து 700 மி.மீ.க்கு மேலே இருக்கும் எதுவும் சுவரைவிட்டு 100 மி.மீ.க்கு மேல் நீளக் கூடாது. தலைக்கு மேலே 2.1 மீட்டர் தடையின்றி வேண்டும். மாடிப்படியின் அடியைத் திண்ணைபோல் கட்டி அடைத்துவிடுங்கள்.

படி 4: ஒலி

கலைக்கூடத்தின் உண்மையான சுவர்கள் ஒலியால் ஆனவை. பழக்கமுள்ள பார்வையற்றவர் தன் காலடிச் சத்தம் திரும்பி வருவதை வைத்தே சுவர் எவ்வளவு தூரம், இடப்பக்கம் கதவு திறந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். அந்தத் தகவலைக் கெடுக்காமல் இருப்பதுதான் நம் முதல் கடமை.

கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். சத்தம் இழுபட்டு முழங்கினால் அங்கே பேச்சு கலங்கும், திசை குழம்பும். நம் ஊரில் கூடங்களுக்குப் பளபளப்பான டைல்ஸ், மொட்டைச் சுவர், மேலே தகரக் கூரை என்பது வழக்கமாகிவிட்டது. மூன்றும் சேர்ந்தால் எதிரொலிக் கிணறு. அதைவிட மோசம் மழை. தகரத்தில் ஐப்பசி மழை கொட்டும்போது பார்வையற்றவருக்கு அறையே காணாமல் போகிறது. பக்கத்தில் யார் இருக்கிறார் என்றுகூடத் தெரியாது. அந்தச் சமயத்தில் அக்கா சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்த பிறகுதான் நாங்கள் கூரையை மாற்றினோம். ஓடு போட முடிந்தால் ஓடு. முடியாவிட்டால் தகரத்துக்கு அடியில் இடைவெளி விட்டுப் பலகைக் கூரை. சுவரில் தடித்த கயிற்றுப் பாய்களைச் சட்டம் அடித்து மாட்டலாம். தென்னை நார் இங்கே கிடைக்காத பொருளா? எதிரெதிர்ச் சுவர்களில் ஒன்றிலாவது அது இருந்தால் முழக்கம் அடங்கும்.

எல்லாவற்றையும் அடைத்து மூடிவிடவும் கூடாது. ஒவ்வொரு இடத்துக்கும் தனி ஒலி இருக்கட்டும். நுழையும் தாழ்வாரத்தில் மரப்பலகைத் தரை, கூடத்தில் சிமென்ட், நூலக மூலையில் பாய். காலடிச் சத்தம் மாறும்போதே எங்கே வந்துவிட்டோம் என்று தெரிந்துவிடும். கல்லிலிருந்து சுரம் வரவைத்த சுசீந்திரத்து இசைத்தூண்கள் நம் மாவட்டத்தில் இருக்கின்றன. கட்டடத்தின் குரலைக் கேட்டு வேலை செய்வது இந்த மண்ணுக்குப் புதிது கிடையாது.

ஒலிபெருக்கி தேவையென்றால் மேடையின் இரு பக்கமும் சிறியவையாக, கலைஞர் இருக்கும் திசையிலிருந்தே சத்தம் வரும்படி வையுங்கள். முன்வரிசையில் ஆறேழு இடங்களை ஒலிபெருக்கியின் ஆதிக்கம் இல்லாத இயல்பொலிக்கு ஒதுக்குங்கள். அந்த வரிசை மட்டும் மேடையோடு இணைந்த மரப்பலகைமேல் அமையட்டும். குடத்தின் அதிர்வு காலுக்கு வந்து சேரும்.

படி 5: ஒளியும் நிறமும்

குறைப்பார்வை உள்ளவர்களுக்கு வெளிச்சம் அதிகமாவதைவிடச் சீராக இருப்பது முக்கியம். நடைவழியில் ஒரு பல்பு விட்டு ஒரு பல்பு எரிந்தால், இருட்டுப் பட்டைகள் படிகள்போலத் தோன்றி ஆளை ஏமாற்றும். ஜன்னலுக்கு எதிரில் மேடை போடாதீர்கள், பாடகர் நிழலாகிவிடுவார்.

கதவு, சுவர், தரை மூன்றும் ஒரே வெளிர்நிறம் என்றால் கதவு இருப்பதே தெரியாது. கூடத்தைக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள். கதவுச் சட்டம், படி விளிம்பு, கைப்பிடி, சுவிட்ச் பலகை அந்தப் படத்தில் தனியாகத் தெரிய வேண்டும். தெரியாததற்கு எல்லாம் அடர்ந்த நிறம் பூசுங்கள். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் 50 மி.மீ. அகலத்துக்கு மாறுபட்ட நிறப் பட்டை வேண்டும். கைப்பிடி 900, 700 மி.மீ. என இரண்டு உயரத்தில், முதல் படிக்கு முன்னும் கடைசிப் படிக்குப் பின்னும் 300 மி.மீ. நீண்டிருக்கட்டும்.

படி 6: எழுத்து, வரைபடம், குரல்

இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் 1951-இல் ஏற்கப்பட்டது. தமிழ்ப் பிரெயிலும் அதன் வழிதான். அறைப் பெயர்களைப் பிரெயிலிலும், அதன் மேலே தொட்டு அறியும்படி 1 மி.மீ.க்குக் குறையாமல் புடைத்த பெரிய தமிழ் எழுத்திலும் எழுதுங்கள். பார்வையை நடுவயதில் இழந்த பலருக்குப் பிரெயில் தெரியாது. புடைப்பெழுத்தை அவர்கள் விரலால் கூட்டிப் படிப்பார்கள். பலகை கதவின் மேல் இருக்கக் கூடாது. கதவு திறந்தால் எழுத்தும் போய்விடும், முகத்திலும் இடிக்கும். கைப்பிடி இருக்கும் பக்கத்துச் சுவரில், 1.4 முதல் 1.6 மீட்டர் உயரத்தில், எல்லா அறைக்கும் ஒரே மாதிரி.

நுழைவில் இடுப்புயர மேசைமேல் சற்றுச் சாய்வாக ஒரு தொடுவரைபடம் வையுங்கள். விரல் நுனி ஏறத்தாழ 2 மி.மீ. இடைவெளியைத்தான் பிரித்தறியும். கண்ணுக்கு அழகான நுணுக்கமெல்லாம் விரலுக்குக் குழப்பம். சுவர், வழி, கதவு, கழிப்பறை, "நீங்கள் இருக்கும் இடம்" ஆகிய ஐந்தும் போதும்.

நூலக மூலையில் குரல்நூல்கள் வைக்கலாம். பார்வையற்றோர் படிக்கும் வடிவில் நூல்களை மாற்றிக்கொள்ள 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டமே இடம் தருகிறது. இதற்கான மராக்கேஷ் ஒப்பந்தத்தை 2014-இல் உலகிலேயே முதலாவதாக ஏற்று உறுதி செய்த நாடு இந்தியாதான். கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை இலவசமாகவே நிறுவிக்கொள்ளலாம், தமிழும் வாசிக்கும்.

படி 7: கலையைக் கைக்குக் கொண்டுவருவது

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

வில்லுப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் புலவர், இருபுறமும் பின்பாட்டுக்காரர்கள், நாணில் தட்டும் கோல், மணிகளின் சிலம்பல், உடுக்கை, குடம், தாளம், கட்டை. கேட்பவருக்கு மேடை அரைவட்டமாக விரியும் கலை அது. நிகழ்ச்சிக்கு அரை மணி நேரம் முன்னால் கலைஞர்களோடு பேசி, பார்வையற்றவர்கள் மேடையேறி ஒவ்வொரு கருவியையும் தொட்டுப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். வில்லின் வளைவு எவ்வளவு, மணி எத்தனை, குடத்தின் கழுத்தில் வில் எப்படிப் படுத்திருக்கிறது என்று கை ஒருமுறை அறிந்துவிட்டால், பிறகு காதுக்குக் கிடைப்பது வேறு பாட்டு.

தோல்பாவைக்கூத்து இன்னும் நல்ல உதாரணம். நம் மாவட்டத்தில் இதை நிகழ்த்தும் குடும்பங்கள் வீட்டில் மராட்டி பேசுகிறவர்கள், இராமாயணத்தைத் தமிழில் நடத்துவார்கள். நிழல் கூத்து, பார்வையற்றவருக்கு என்ன இருக்கிறது என்று நானும் நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால், திரைக்குப் பின்னால் ஒரே ஆள் இராவணனுக்கும் சீதைக்கும் அனுமாருக்கும் குரல் மாற்றிப் பேசுகிறார், பாடுகிறார். பாதி நாடகம் ஏற்கெனவே காதுக்காக நடந்துகொண்டிருக்கிறது. மீதிப் பாதிக்கு இரண்டு ஏற்பாடு. பாவையைக் கையில் கொடுங்கள். தோலில் நுணுக்கமாகக் குத்திய துளைகள்தான் அதன் நகையும் ஆடையும், விரலுக்கு அவை எழுத்துபோல. அப்புறம், வசனத்தின் இடைவெளியில் ஒருவர் மெல்லச் சொல்லிக்கொண்டு வரட்டும். அவருக்கு நான் கொடுக்கும் விதி இது. காண்பதைச் சொல்லுங்கள், கருதுவதைச் சொல்லாதீர்கள். "இராவணன் கோபப்படுகிறான்" வேண்டாம். "இராவணன் இரண்டு கையையும் தூக்கித் தரையில் ஓங்கி மிதிக்கிறான்" போதும். கோபத்தை அவர்களே கண்டுகொள்வார்கள். வசனத்தின் மேலோ பாட்டின் மேலோ ஒருபோதும் பேசக் கூடாது.

சிற்பங்களுக்கு வருவோம். குமரிக் கடலில் நிற்கும் வள்ளுவரை, அதைக் காண வந்த எத்தனையோ பார்வையற்றவர்கள் காற்றாகவும் அலையாகவும் மட்டுமே அறிந்து திரும்பியிருப்பார்கள். பாதத்துக்கு மேல் கை எட்டாது. மயிலாடிச் சிற்பியிடம் அதையே 60-இல் ஒரு பங்காகச் செய்யச் சொல்லுங்கள். 133 அடி அப்போது ஏறக்குறைய 2 அடி 3 அங்குலம் ஆகும். 38 அடிப் பீடம் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு, 95 அடிச் சிலை இரண்டு சாணுக்குச் சற்று மேல். பீடத்தின் 38 அடி அறத்துப்பாலின் 38 அதிகாரம், சிலையின் 95 அடி பொருளும் இன்பமும் சேர்ந்த 95 அதிகாரம் என்பதைச் சொல்லிக்கொண்டே சாண்போட வைக்கலாம். இடுப்பின் மெல்லிய வளைவும், உயர்த்திய கையின் மூன்று விரல்களும் தொடும் அளவுக்குத் தெளிவாக வேண்டும்.

அதன் பக்கத்தில் 200-இல் ஒரு பங்கில் இரண்டு பாறைகளும் சேர்ந்த மாதிரி ஒன்று இருக்கட்டும். 1970-இல் திறந்த விவேகானந்தர் மண்டபம், 2000 ஜனவரி 1-இல் திறந்த வள்ளுவர் சிலை, 2024 டிசம்பரில் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம். கடலை வழவழப்பாக இழைத்தும், பாறையைக் கொத்திய சொரசொரப்பாகவும் விட்டுவிடுங்கள். பாலத்தின் நீளம் சிலையின் உயரத்தைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்பது, கண்ணால் பார்த்துவிட்டு வந்த பலருக்குத் தெரியாது. விரலால் பார்த்தவர் உடனே சொல்லிவிடுவார்.

தொட வைக்கும் பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டாதீர்கள். தேயும் என்று பயமாக இருந்தால் இரண்டாகச் செய்து வையுங்கள். பார்க்கிறவர்களாகவே அவர்களை நிறுத்திவிடவும் வேண்டாம். களிமண், பனையோலை, தாழம்பாய் முடைதல் இவற்றுக்கு வகுப்பு நடத்த ஒரு நீள மேசையும், ஒவ்வொருவருக்கும் விளிம்பு உயர்ந்த தட்டும் போதும். உருளும் பொருள் தட்டைத் தாண்டாது. வட்டமாக நின்று கம்படித்து ஆடும் களியலாட்டம் கற்றுக்கொடுக்கத் தரையில் ஒரு வட்டத்துக்குக் கயிற்றை வைத்து மேலே ஒட்டுத்துணி ஒட்டினால், வெறுங்காலுக்கு வட்டம் தெரியும். கம்போடு கம்பு மோதும் சத்தமே இணையைக் காட்டிவிடும்.

படி 8: விளையாட்டு

உள்விளையாட்டில் முதலில் வாங்க வேண்டியது பல்லாங்குழி. பதினான்கு குழி, ஒரு பிடி புளியமுத்து. மாற்றியமைக்க எதுவுமே இல்லாத, பிறக்கும்போதே விரலுக்காகப் பிறந்த விளையாட்டு. ஆடுபுலிக்கும் தாயத்துக்கும் கோடுகளைக் கல்லிலோ பலகையிலோ பள்ளமாகச் செதுக்கி, காய்களில் ஒரு பக்கத்தாருக்குத் தலையில் குமிழ் வையுங்கள். சதுரங்கப் பலகை தனியாகக் கிடைக்கிறது. கறுப்புக் கட்டங்கள் உயர்ந்திருக்கும், ஒவ்வொரு கட்டத்திலும் காய் செருகத் துளை இருக்கும், கறுப்புக் காய்களின் உச்சியில் சிறு முனை இருக்கும்.

கோல்பால் என்ற விளையாட்டு, இரண்டாம் உலகப் போரில் பார்வையிழந்த வீரர்களுக்காக 1946-இல் உருவானது. 18-க்கு 9 மீட்டர் களம், 1.25 கிலோ எடையுள்ள மணிப்பந்து, அணிக்கு மூன்று பேர். ஓர் ஊர்க் கல்யாண மண்டபத்தில் அடங்கிவிடும். எல்லோரும் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் ஆட வேண்டும் என்பதால் அண்ணன் தங்கை, கண் தெரிந்தவர் தெரியாதவர் என்று சேர்ந்து ஆடலாம்.

கிரிக்கெட் இல்லாமல் நம் பிள்ளைகள் விடமாட்டார்கள். பார்வையற்றோர் கிரிக்கெட்டில் உள்ளே சிறு உலோகக் குண்டுகள் போட்ட கடினமான பிளாஸ்டிக் பந்து. கையைத் தாழ்த்தித்தான் வீச வேண்டும், பந்து ஆடுகளத்தின் நடுக்கோட்டுக்கு முன்பே தரையில் பட வேண்டும். முழுப் பார்வையின்மை உள்ளவர் எடுக்கும் ஓட்டம் இரண்டாகக் கணக்காகும். பந்தின் சத்தம்தான் எல்லாமே என்பதால் திடலுக்கு அமைதி வேண்டும். நெடுஞ்சாலை ஓரமும், ஒலிபெருக்கி கட்டும் இடமும் ஆகாது. எல்லைக்கோடு காலுக்குத் தெரியும்படி வெளிப்பக்கம் ஒரு மீட்டர் அகலத்துக்கு மணல் விரியுங்கள்.

சிறுவர் பகுதியில் ஆபத்து ஊஞ்சல்தான். அது வீசும் வட்டத்தைச் சுற்றி இடுப்புயர வேலி, ஒரே ஒரு வாசல். இதில் சமரசம் வேண்டாம்.

படி 9: மணத் தோட்டம்

தோவாளைப் பூ வியாபாரிகளிடம் கேட்டால் எது எப்போது மணக்கும் என்று மணி சொல்வார்கள். பிச்சியும் மல்லியும் அந்தியில் அவிழும். கொழுந்தும் துளசியும் கற்பூரவல்லியும் கசக்கினால் மணக்கும். திருப்பத்துக்கு ஒரு மணம் என்று தள்ளித் தள்ளி நடுங்கள், சேர்த்து நட்டால் எதுவும் அடையாளமாக நிற்காது. அரளி விஷம், முள்செடிகளும் ஆகாது. பாத்திகளை முக்கால் மீட்டர் உயரத்துக்குக் கட்டி, விளிம்பில் உட்கார இடம் விடுங்கள்.

தென்னை மரத்தடியில் பாதை போடாதீர்கள். மேலேயிருந்து விழும் மட்டையையும் காயையும் யாருடைய கோலும் சொல்லாது.

படி 10: கழிப்பறையும் ஆட்களும்

ஆண், பெண் கழிப்பறை இரண்டும் உள்ளே ஒரே அமைப்பில், குழாயும் வாளியும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். தரை எப்போதும் உலர்ந்திருக்க வேண்டும். தாழ்ப்பாள் எல்லாவற்றிலும் ஒரே உயரம்.

பணியில் இருப்பவர்கள் முதலில் தங்கள் பெயரைச் சொல்லிவிட்டுப் பேச வேண்டும். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. தம் முழங்கையை நீட்டினால் வேண்டியவர் பிடித்துக்கொள்வார். "அங்கே, இங்கே" என்பதற்குப் பதில் "உங்கள் வலப்பக்கம் மூன்று அடியில்". விட்டுப் போகும்போது "நான் போகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். காலியான இடத்தோடு பேசவைப்பதைவிட மனத்தை நோகடிப்பது வேறில்லை. கதவு முழுதும் திறந்திருக்கும், அல்லது முழுதும் மூடியிருக்கும். பாதி திறந்த கதவின் விளிம்பு எத்தனையோ நெற்றிகளைப் பிளந்திருக்கிறது.

படி 11: சோதனை, பிறகு பராமரிப்பு

திறப்பு விழாவுக்கு முன்பு, இந்த இடத்துக்கு ஒருமுறைகூட வராத ஒருவரை அழையுங்கள். வழி விவரக் குரல்பதிவை மட்டும் அனுப்புங்கள். அவர் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பத்தடி பின்னால், ஆபத்து வந்தாலொழிய வாய் திறக்காமல், நடந்து போங்கள். எங்கே தயங்கி நிற்கிறார், எங்கே கோலை இரண்டு தரம் தட்டுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தயக்கங்கள்தான் உங்கள் அடுத்த வேலைப்பட்டியல். எங்களுக்கு ஒன்பது வந்தது. வாசலுக்கு நாற்பதடி முன்பு எந்த அடையாளமும் இல்லாத ஒரு நீண்ட மதிலும் அதில் ஒன்று. மதில்காரரிடம் கேட்டு அதன் நடுவில் ஒரு துளசி மாடம் கட்டினோம்.

பராமரிப்புக்கு ஒரு நோட்டுப் போட்டு ஒருவர் பொறுப்பில் விடுங்கள். மழைக் காலத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் கருங்கல் பாதையின் பாசியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பிரெயில் பலகைகளைத் துணியால் துடைக்க வேண்டும், உப்பும் தூசியும் புள்ளிகளின் இடைவெளியை நிரப்பிவிடும். ஒட்டுத்துணி பெயர்ந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். நாற்காலி, பூந்தொட்டி, தண்ணீர்க்கேன் எதையாவது இடம் மாற்றினால் குழுவுக்குக் குரல்செய்தி போக வேண்டும்.

எங்கள் நோட்டை இப்போது அக்காதான் வைத்திருக்கிறாள், பிரெயிலில். போன வாரம் கடைசியாகக் குத்தியிருந்த வரியை எனக்கு வாசித்துக் காட்டினாள்: "மேடைப் பலகையில் இடமிருந்து மூன்றாவது ஆணி தலைதூக்கியிருக்கிறது. வியாழக்கிழமை பாட்டுக்கு முன்னால் அடிக்கணும்."